என் பக்கத்துத் தகரக் கதவு

என் மனைவியின் வலது கால் போனதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. சர்க்கரை வியாதி என்றார்கள், கெட்ட நேரம் என்றார்கள். நானும் வருகிறவர்களிடம் அதையே சொல்லிவந்தேன். இப்போது அவள் இல்லை. கேட்டு வருத்தப்பட ஆள் இல்லாத நேரம் பார்த்து உண்மையை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், கோயம்புத்தூரில் ஒரு பழைய மில் குடும்பத்தின் ஷெட்டில் கிடந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். இங்கிலாந்தில் செய்தது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே துணிக் கூரை, வேண்டாமென்றால் பின்னால் மடித்துவிடலாம். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த நான், கல்லூரி நாட்களிலிருந்து நூலகத்தில் உட்கார்ந்து ஆங்கில மோட்டார் பத்திரிகைகளில் பார்த்துப் பார்த்து ஏங்கிய வண்டி அது. அதன் என்ஜினைப் பற்றி, அதை வைத்திருந்தவர்களைவிட எனக்கு அதிகம் தெரியும். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவளைப் பற்றியும் எனக்குத் தெரியும். அதற்கு ஓரிரு வருஷம் முன்பே அவளுடைய இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி போய்விட்டிருந்தது. டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "இப்ப தெரியுதாம்மா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே போனார். "இன்னும் நீங்க தொடவே இல்லியே டாக்டர்," என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டருக்கு வரவில்லை. வெறுங்காலோடு ஓரடி எடுத்து வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும், முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது என்று அவளிடம் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார். படித்தவர் நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

அவளுக்கென்று சர்க்கரை நோயாளிகள் போடும் தடித்த ரப்பர் செருப்பு வாங்கினோம். கறுப்பாக, கனமாக, பின்னால் வார் வைத்து, பார்க்க லாரி டயரை வெட்டித் தைத்தது போலிருக்கும். வீட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று. கல்யாண வீடுகளுக்குப் பட்டுப் புடவையோடு அதைப் போட்டுக்கொண்டு அவள் வரும்போது நான் பத்தடி முன்னால் நடப்பேன்.

பெயிண்ட் அடித்து, கம்பளம் ஒட்டித் தயாரான பிறகு, காரை எடுக்க அவளையும் அழைத்துப் போனேன். மில் வீட்டுக்காரர் பெரியவர், மரியாதையான மனிதர். "ஏனுங்க, அம்மிணிய ரயில்ல அனுப்பிச்சு வெச்சுப்போடுங்க. இந்த வெயில்ல இதுல உக்காந்துட்டுப் போறது செரிப்படாதுங்க," என்றார். அவளும் ஆசையோடு என் முகத்தைப் பார்த்தாள். ரயிலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் முதல் முறை அந்த வண்டியை ஓட்டும்போது பக்கத்தில் இருந்து பார்க்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"ஏன், மகாராணிக்கு ஏசி கோச் கேக்குதா?" என்றேன், அவர் முன்னாலேயே.

பிள்ளையார் கோயில் வாசலில் பூசை போட்டோம். குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பழங்களை நசுக்கிக்கொண்டு கார் முன்னால் நகர்ந்து நின்றது. அவள் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைக்கப் போனாள்.

"ஏய், செருப்பு!" என்றேன்.

புது வண்டியில் செருப்போடு ஏறாமலிருப்பது எங்கள் ஆட்களிடம் எல்லா வீட்டிலும் உண்டு. பூசை போட்ட பிறகு வண்டி சாமி மாதிரி. ஷோரூமிலிருந்து வந்த கார்களில் சீட்டு உறையைப் பல வருஷம் பிரிக்காமல், செருப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் நான் சொன்னது அங்கிருந்த யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. பூசாரி கூடத் தலையாட்டினார். ஆனால் என் மனதில் சாமி இல்லை. தரையில் புதிதாக ஒட்டியிருந்த மெரூன் கம்பளம் இருந்தது. அந்தச் செருப்பு அதில் இருக்கும் காட்சியை என்னால் சகிக்க முடியவில்லை.

"டாக்டர் போட்டுக்கச் சொல்லியிருக்காரே," என்றாள்.

"நடக்கறதுக்குத்தான் செருப்பு. நீ நடக்கவா போற? உக்காந்து வரப் போற."

"நீங்க மட்டும் ஷூ போட்டிருக்கீங்களே?"

"நான் ஓட்டறவன்."

அவள் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். அதை ஒரு செய்தித்தாளில் சுற்றி, பின்னால் டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

சேலம் வரைக்கும் நன்றாகத்தான் வந்தோம். துணிக் கூரையை மடித்துவிட்டிருந்தேன். பஸ் ஜன்னல்களில் எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. சங்ககிரியில் ஒரு டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துக் கட்டிக்கொண்டு, "ஷூட்டிங்குன்னு நெனச்சுக்கறாங்க போல. ஹீரோயின பாத்துட்டு ஏமாந்துடுவாங்க," என்று காற்றில் கத்தினாள். நான் பதிலுக்குச் சிரித்தேன். அன்று அவளைப் பார்த்து நான் சிரித்தது அது ஒரு முறைதான்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் எந்த வண்டியை முந்தினாலும், பக்கத்து இருக்கையில் இருந்தபடி வலது காலால் முன்னால் அழுத்துவாள், அங்கே ஒரு பிரேக் இருப்பது போல. அந்தக் காரில் முன்னால் இருந்தது வெறும் இரும்புத் தகடு. அதற்கு அந்தப்புறம் என்ஜின். அதன் புகைக் குழாய் அவள் பக்கமாகவே இறங்கி, அவள் காலுக்கு அடியில் ஓடியது.

"அங்க பிரேக் வெச்சு அனுப்பல. சும்னே மிதிக்காத," என்பேன், பெங்களூர்த் தமிழில்.

தொப்பூர் கணவாய் ஏறும்போது நல்ல உச்சி வெயில். அந்த நாளில் அது குறுகிய சாலை. மேலே எங்கோ ஒரு லாரி பழுதாகி நிற்க, பின்னால் லாரிகள் வரிசையாக முதல் கியரில் முனகிக்கொண்டு ஊர்ந்தன. நடுவில் நாங்கள். வெப்பமானியின் முள் ஏறிக்கொண்டே போனது.

இங்கிலாந்துக்காரன் குளிருக்காக அந்தக் காரில் ஹீட்டர் வைத்திருந்தான். என்ஜினைச் சுற்றி வரும் கொதிக்கிற தண்ணீரின் ஒரு பகுதி அதற்குள் போய், சூட்டைக் காற்றில் விட்டுத் திரும்பும். மலையேற்றத்தில் என்ஜின் சூடானால் ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிட வேண்டும். இரண்டாவது ரேடியேட்டர் போல அது வேலை செய்யும், என்ஜின் பிழைக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. நானும் குமிழை இழுத்து, விசிறியைப் போட்டேன். முள் ஏறுவது நின்றது.

"பாத்தியா? இதுதான் இன்ஜினியரிங்," என்றேன்.

என்ஜினிலிருந்து போகும் சூடு எங்கேயாவது வந்துதானே ஆக வேண்டும். அது வெளியே வர, காலுக்கருகில் இரண்டு சின்னத் தகரக் கதவுகள் இருந்தன. ஓட்டுகிறவர் பக்கம் ஒன்று, பக்கத்தில் இருப்பவர் பக்கம் ஒன்று. கொஞ்ச நேரத்தில் ஷூவையும் கால்சட்டையையும் மீறி என் முழங்கால் காய ஆரம்பித்தது. நான் குனியக்கூட இல்லை. இடது ஷூவின் நுனியால் என் பக்கத்துக் கதவைத் தள்ளிச் சாத்தினேன். டிக் என்று ஒரு சத்தம். மொத்தச் சூடும் அவள் பக்கம் போயிற்று.

அவளுக்கு அது தெரியாது. லாரிச் சத்தத்தில் அந்த டிக் அவளுக்குக் கேட்டிருக்காது.

"என்னங்க, இட்லிப் பானையத் தொறந்தா மாதிரி ஆவி அடிக்குது. மொழங்காலெல்லாம் காயுது," என்றாள். முழங்காலில் அவளுக்கு உணர்ச்சி இருந்தது. பாதத்தில்தான் இல்லை. சொல்லிவிட்டு, இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டாள்.

இந்த இடத்தில் அவள் தப்பித்திருந்தாள். அவள் உடம்புக்கு எது நல்லது என்று அவள் உடம்புக்கே தெரிந்து, கால் தானாக மேலே வந்துவிட்டது. மேலே வந்த காலை நான் இறக்கினேன்.

"காலக் கீழ வை. அது லெதர். மெட்டி கீறிடும்."

"சுடுதுங்க."

"எனக்கு மட்டும் குளிருதா? கீழ வை. மாட்டு வண்டியில ஒக்காந்தா மாதிரி ஒக்காந்துகிட்டு... பின்னாடி லாரிக்காரன் சிரிக்கிறான் பார்."

லாரிக்காரன் சிரிக்கவில்லை. அவன் எங்களைப் பார்க்கவே இல்லை. அவள் திரும்பிப் பார்த்துவிட்டுக் காலை இறக்கிக்கொண்டாள்.

கணவாய் தாண்டியும் நான் ஹீட்டரை அணைக்கவில்லை. முள் மறுபடி ஏறிவிடுமோ என்று பயம். தர்மபுரியில் சாப்பிடலாமா என்று அவள் கேட்டதற்கும் நிறுத்தவில்லை. சூடான என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பது என் கணக்கு. விட்ட நேரத்தைப் பிடிக்க வேகமாக ஓட்டினேன். ஒவ்வொரு லாரியை முந்தும்போதும் அவள் வலது காலால் அந்தத் தகட்டை அழுத்தினாள். எவ்வளவுக்கெவ்வளவு பயந்தாளோ அவ்வளவுக்கவ்வளவு அழுத்தினாள். நான் அவளைப் பயமுறுத்துவதற்காகவே சில லாரிகளை முந்தினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு தடவை, "ஏதோ தீயற வாசன வருதே," என்றாள்.

"புது பெயிண்ட்டு. மூக்க மூடிக்கோ."

கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஒரு புளிய மர நிழலில் கடைசியில் நிறுத்தினேன். ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அவள் குடிப்பதற்கு வைத்திருந்த பாட்டிலை வாங்கி அதில் ஊற்றினேன். சர்க்கரைக்காரர்களுக்கு எப்படித் தாகம் எடுக்கும் என்பது கூட இருப்பவர்களுக்குத் தெரியும். அவள் காலி பாட்டிலைப் பார்த்துவிட்டு, "அதுக்கு என்னவிட தாகம் ஜாஸ்தி போல," என்றாள். மரத்தடியில் இறங்கி நிற்கப் போனவளை, காலில் மண் ஒட்டும் என்று இறங்கவிடவில்லை.

பெங்களூரில் நாங்கள் இருந்த காக்ஸ் டவுனுக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். தெருமுனையிலேயே ஹார்ன் அடிக்க ஆரம்பித்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக் கன்னடக்காரர், "சென்னாகிதே சார், சூப்பர்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பக்கத்து வீட்டு டீச்சர், சர்ச்சுக்குக் கிளம்பினவர், நின்று காரைச் சுற்றி வந்தார். "அங்கிள், இந்த வயசுல இது தேவையா?" என்று சிரித்தார். நான் மறுபடி மறுபடி என்ஜினை உறுமவிட்டுக் காட்டினேன்.

"போ, போய் ஆரத்தி எடுத்துட்டு வா. வாசல்லயே நிக்குது வண்டி," என்று அவளை விரட்டினேன்.

அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள். அப்போதும் யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டோடு வெளியே வந்து, சிரித்த முகமாக, காருக்கு மூன்று சுற்று சுற்றினாள். அவளோடு நானும் நிற்க வேண்டும் என்று டீச்சர் சொல்ல, போட்டோ எடுத்தார்கள். அவள் தட்டோடு திரும்பிப் படியேறும்போதுதான் உள்ளேயிருந்து எங்கள் மகளின் குரல் கேட்டது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வீடெல்லாம் என்ன தண்ணி? எத மிதிச்சிட்டு நடந்த?"

வாசலிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து வாசலுக்கும், சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒற்றைக் காலின் ஈரத் தடம். ஒரே கால். வலது கால்.

"ஆரத்தித் தண்ணி சிந்தியிருக்கும்டி," என்றாள் அவள், தட்டைப் பார்த்துக்கொண்டே. தட்டு நிறைய இருந்தது.

மகள் அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலின் தோல், நனைந்த காகிதம் போலச் சுருண்டு, விலகித் தொங்கியது. அடியில் இருந்ததை எழுதப் போவதில்லை. அந்தக் காலோடுதான் அவள் நின்று என் காருக்கு ஆரத்தி சுற்றினாள்.

"என்னடி, காயமா?" என்று அவள் கேட்டாள். அவளுக்குத் தெரியவில்லை.

நான் அங்கே நின்று சொன்னது இதுதான்: "அடுப்பங்கரையில எதையாவது மிதிச்சியா? பாத்து நடக்கத் தெரியாதா?"

முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தில் பாதி. மழைக்காலம் வருவதற்குள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இதோடு நின்றுவிடும் என்று எனக்குச் சொன்னார்கள், நான் அவளுக்குச் சொன்னேன்.

முதல் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் அவள் கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஒரு சந்தேகத்தைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"ஏங்க, உங்க பக்கம் சுடலியா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளும் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சுட்டுச்சு," என்றேன். "ஷூ போட்டிருந்தும் சுட்டுச்சு. தாங்கிக்கிட்டேன்."

அவள் கையை நீட்டி என் கையைத் தடவிக் கொடுத்தாள். "பாவம். சொல்லவே இல்லியே நீங்க," என்றாள்.

அன்றிலிருந்து அது அவளுடைய வாக்கியம் ஆகிவிட்டது. கால் போனதை விசாரிக்க வருகிற எல்லோரிடமும், கதையை முடிக்கும்போது அதைச் சொல்வாள். "அவருக்கும்தான் சுட்டுச்சு. எனக்காவது மரத்த காலு. அவரு தெரிஞ்சே தாங்கிக்கிட்டு ஊரு கொண்டாந்து சேர்த்தாரு." வந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

காரை அதன் பிறகு நான் ஓட்டவில்லை. ஷெட்டில் துணி போட்டு மூடிவைத்தேன். விற்கவும் இல்லை. அவள் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஷெட்டுதான் தெரியும். நாற்காலியை வேறு ஜன்னலுக்கு மாற்ற எனக்குத் தோன்றவே இல்லை. பல வருஷம் அப்படியே இருந்தது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு, ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்த காலத்தில், பழைய கார்மேல் பைத்தியம் பிடித்த ஒரு பையன் இந்தக் காரைப் பார்க்கத் தேடிக்கொண்டு வந்தான். பையன் என்றால் முப்பது வயதிருக்கும், நல்ல வேலை. காரை ஷெட்டிலிருந்து வாசலுக்குத் தள்ளி நிறுத்தினோம். அவளும் வராந்தாவுக்கு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். பையன் ஆசையாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு குமிழாக இழுத்துப் பார்த்தான். பிறகு காலடியில் குனிந்தான்.

"அங்கிள், ஹீட்டர் கதவு உங்க சைடு க்ளோஸ்ல இருக்கே. துருப் பிடிச்சு மாட்டிக்கிச்சா?" என்று கத்தினான். ஷூவால் தட்டினான். அது சுலபமாகத் திறந்தது. "இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கு. யாரோ மூடி வெச்சிருக்காங்க. அந்த சைடு மட்டும் ஃபுல்லா ஓப்பன்."

கணவாயில் எப்படி விட்டேனோ அப்படியே இருந்திருக்கிறது. யாரும் தொடவில்லை.

"அது என்ன கதவுப்பா?" என்று வராந்தாவிலிருந்து அவள் கேட்டாள்.

"சூடு வர்ற வழி ஆன்ட்டி. ஆளுக்கு ஒண்ணு. வேணாம்னா அவங்கவங்க சைடு மூடிக்கலாம்," என்று அவன் உற்சாகமாக விளக்கினான். மூடியும் திறந்தும் காட்டினான். டிக், டிக்.

நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் நாற்காலி திரும்பி உள்ளே போகும் சத்தம் கேட்டது. சாயங்காலம் அவள் ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. திட்டியிருந்தால், காலில் விழுந்திருப்பேன் என்று நினைக்கிறேன். விழுந்திருப்பேனா என்பது நிச்சயமில்லை.

ஒன்றே ஒன்று மாறிற்று. அதற்குப் பிறகு விசாரிக்க வந்தவர்களிடம் அவள் கதையை அந்த ஈரத் தடத்தோடு நிறுத்திக்கொண்டாள். கடைசி வாக்கியம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையத்திலிருந்து அவளுடைய சித்தி மகள் வந்திருந்தாள். எங்கள் கதையைப் பல தடவை கேட்டவள். புதிதாகக் கூட வந்திருந்த தன் சம்பந்தி அம்மாளுக்கு, எங்களை வைத்துக்கொண்டே அதைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, என் மனைவி எடுத்துக்கொடுப்பாள் என்று கொஞ்சம் நிறுத்தினாள். அவள் எடுத்துக்கொடுக்கவில்லை. எனவே சித்தி மகள் தானே சொன்னாள்.

"மாமாவுக்கும்தான் சுட்டுச்சு. இல்ல மாமா? பல்லக் கடிச்சிகிட்டு ஓட்டினு வந்தீங்க இல்ல?"

என் மனைவி அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. எனக்கு அவகாசம் கொடுத்தாள். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவும் கொடுத்தாள். சம்பந்தி அம்மாள் காத்திருந்தாள்.

"ஆமா," என்றேன்.

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். "காபி குடிக்கிறீங்களா?" என்று வந்தவர்களைக் கேட்டாள்.